ஓர் ஈடு குறைய, அடுத்த ஈடு கூட: மலிவான வெடிமருந்து அளவி ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் இலக்குச் சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுள் பலர், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை வீசிவிடாமல் பொறுக்கி வைத்து, வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பழைய பிரைமரைத் தட்டி வெளியேற்றி, விரிந்துபோன கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமரும் வெடிமருந்தும் (இனி ‘மருந்து’) குண்டும் இட்டுத் தாங்களே தோட்டாவாக்கிக்கொள்கிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு இதைச் செய்ய அந்நாட்டில் மத்திய அரசின் உரிமம் தேவையில்லை; விற்பதற்காகச் செய்தால் தேவை. இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-ஆம் பிரிவின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றமாகும். ஆகவே அங்கிருந்து படிப்பவர்கள் இதை அளவியல் பற்றிய ஒரு குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும்.

ஒஹையோ மாநிலத்தில், என் வீட்டுக் கார் கொட்டகையில், ஒரு குளிர்காலம் முழுவதும் என்னை அலைக்கழித்த சிக்கலையும் அதன் காரணம் பிடிபட்ட விதத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து என்ற எண் இதில் எங்கும் வராது. அதை மருந்து தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். இங்கே வரும் கிரெயின் கணக்குகள், குறித்த அளவிலிருந்து எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பதை மட்டுமே சொல்கின்றன. ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 64.8 மில்லிகிராம், 7,000 கிரெயின் சேர்ந்தது ஒரு பவுண்டு.

கருவியும் அது அளக்கும் விதமும்

பவுடர் மெஷர் என்று கேட்டால் கடையில் எடுத்துத் தரும் மருந்து அளவிகளில் என்னுடையது ஏறக்குறைய மிக மலிவானது. மேலே உள்ளிருப்பது தெரியும்படியான ஒரு பிளாஸ்டிக் கலன், அதற்கடியில் கிடைமட்டமாகச் சுழலும் ஓர் உருளை, உருளையில் ஒரு குழி, குழியின் ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் மரையிட்ட ஒரு தண்டு, கீழே ஓர் இறங்குகுழாய். இவ்வளவுதான் அதன் உடம்பு. கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் குழி கலனைப் பார்த்தபடி நின்று நிரம்புகிறது. மறுபக்கம் திருப்பினால் குழி கவிழ்ந்து, மருந்து குழாய் வழியே கூட்டுக்குள் விழுகிறது. அப்படி ஒரு முறை விழும் மருந்தை இனி ‘ஓர் ஈடு’ என்று குறிப்பிடுகிறேன். இட்லிக்கொப்பரைக்கு நாம் சொல்லும் அதே ஈடுதான்.

இக்கருவி நிறுப்பதில்லை, அளக்கிறது. படியும் மரக்காலும் புழங்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. படியில் நெல்லைச் சொரிந்து தலைவழித்தால் ஓர் அளவு. இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தலைவழித்தால் அதற்கு மேல் ஒரு கை கொள்ளும். அளப்பவர் மாறினாலும் அளவு சற்று மாறும். படி மாறவில்லை, நெல் அடங்கும் விதம் மாறுகிறது. மருந்து அளவியிலும் அப்படியே, குழியின் கொள்ளளவு நிலையானது. அதற்குள் எத்தனை துணுக்குகள் எவ்வளவு நெருக்கமாக அடங்குகின்றன என்பதே ஒவ்வோர் ஈட்டிலும் மாறுகிறது.

புகையில்லா மருந்து மூன்று வடிவங்களில் வருகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உருண்டை வகை கடுகைப் போல ஓடும். செதில் வகை அவலைப் போல ஒன்றன்மேல் ஒன்று படியும். குச்சி வகை, பொடியாக நறுக்கிய சேமியாவைப் போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து, இடுக்கு கிடைத்தால் பாலம் கட்டிக்கொண்டு நின்றுவிடும். நான் அந்தக் குளிர்காலத்தில் பயன்படுத்தியது நீளமான குச்சி வகை, நிரப்பியது .223 ரெமிங்டன் என்னும் ரைபிள் தோட்டாவின் கூடு. அதில் பொருத்தும் குண்டின் விட்டம் 0.224 அங்குலம், அதாவது ஏறத்தாழ 5.7 மில்லிமீட்டர்தான் என்பதால், கூட்டின் வாயும் அதற்கு மருந்தைக் கொண்டுசேர்க்கும் குழாயின் முனையும் எவ்வளவு குறுகலாக இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சிக்கல் தெரியவந்ததும் நான் செய்த தவறும்

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராபை நண்பர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கிச் சுட்டபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. பெரும்பாலான குண்டுகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய வேகத்தில் போக, இடையிடையே ஒன்று சோம்பலாகவும் இன்னொன்று மிகையான வேகத்திலும் சென்றன. நூறு கஜத் தொலைவில் அட்டையில் விழுந்த துளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரை இது என் கண்ணில் படவேயில்லை.

கருவி மலிவானது என்பதால் குற்றம் கருவியுடையது என்று உடனே முடிவுகட்டினேன். உருளையை இறுக்கும் திருகாணியை இறுக்கினேன்; கைப்பிடி கடினமானது, வேறு பயன் இல்லை. பிறகு, கருவியோடு வரும் குறிப்புகளில் வழக்கமாகச் சொல்லப்படுவதைப் போல, பத்து ஈடுகளை ஒரே கிண்ணத்தில் வாங்கி, நிறுத்து, பத்தால் வகுத்தேன். விடை குறித்த அளவோடு அச்சாகப் பொருந்தியது. மறுநாளும் அப்படியே. கருவி சரியாகத்தான் இருக்கிறது, கோளாறு பிரைமரிலோ கூட்டிலோ இருக்கலாம் என்று இரண்டு வாரத்தை வீணாக்கினேன்.

பத்தால் வகுக்கும் முறை தண்டை முதலில் சரியான இடத்தில் நிறுத்துவதற்கு மிக நல்ல முறை. தராசு 0.1 கிரெயின் வரைதான் காட்டும் என்றாலும், பத்தைச் சேர்த்து நிறுப்பதால் சராசரியை 0.01 வரை அறியலாம். ஆனால் அது சொல்வது சராசரியை மட்டுமே. ஒரு ஈட்டில் குறைந்தது அடுத்த ஈட்டில் அப்படியே கூடி வந்தால், கிண்ணத்தில் இரண்டும் கலந்து கணக்கு நேராகிவிடும். என் கருவியின் கோளாறு, இந்தச் சோதனையின் கண்ணுக்குச் சிறிதும் அகப்படாத வகையைச் சேர்ந்ததாக அமைந்துவிட்டது.

முதலில் தராசு

அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்த இடத்தில்தான் தொழில் நினைவுக்கு வந்தது என்பதைச் சற்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அளவியைக் குறை சொல்வதற்கு முன்னால், அதைக் குறை சொல்லும் தராசு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க ஐந்து சென்ட் நாணயம் ஒன்றின் எடை 5 கிராம், அதாவது 77.16 கிரெயின். தேயாத புதிய நாணயம் ஒன்றை எடுத்து, ஒரே நாணயத்தை இருபது முறை தட்டில் வைத்து எடுத்து, காட்டிய எண்ணை ஒவ்வொரு முறையும் எழுதினேன். கொட்டகையைச் சூடாக்கும் விசிறி ஓடும்போது எண் 0.3 வரை ஆடியது, நிறுத்தியதும் 0.1-க்குள் அடங்கியது. தராசை விசிறியின் காற்றுப் படாத மூலைக்கு மாற்றி, அட்டைப்பெட்டியை மறைப்பாக வைத்து, இயக்கிய பின் அரைமணி நேரம் சூடேற விட்ட பிறகு, 0.1 கிரெயினுக்குக் கீழ் எதையும் பேசக் கூடாது என்ற வரம்போடு அதை நம்பத் தொடங்கினேன்.

சிறிய மின்னணுத் தராசுகளில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. பூச்சியத்தின் அருகே எடை மெல்ல மெல்லக் கூடினால், அது தன் பூச்சியமே நகர்கிறது என்று எண்ணி அதை விழுங்கிவிடும். நீளக் குச்சி மருந்தில் நான்கைந்து துண்டு சேர்ந்தால்தான் ஏறத்தாழ 0.1 கிரெயின் ஆகும் என்பதால், ஒவ்வொன்றாக உதிர்த்துச் சேர்ப்பவர் இதில் எளிதில் ஏமாறுவார். தட்டைத் தூக்கி மறுபடி வைத்தால் உண்மையான எண் வந்துவிடும்.

வரிசையாக எழுதியபோது

அதன் பிறகு அறுபது ஈடுகளைத் தனித்தனியாக நிறுத்து, விழுந்த வரிசை மாறாமல் நோட்டில் எழுதினேன். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியோ, பட்டை வரைந்தோ பார்க்காமல், வரிசையாகவே வைத்துப் பார்த்ததுதான் இந்த ஆய்வில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். வெறும் சிதறலாகத் தெரிந்த ஒன்று, வரிசையில் வைத்ததும் மூன்று தனித்தனிக் கோளாறுகளாகப் பிரிந்தது.

முதல் எட்டு ஈடுகள் இப்படி இருந்தன: −0.4, −0.3, −0.3, −0.2, −0.1, −0.1, 0, 0. கலனில் அப்போதுதான் கொட்டிய மருந்து பொலபொலவென்று கிடந்து, கைப்பிடியின் ஒவ்வோர் அசைவிலும் சிறிது சிறிதாக அடங்கியிருக்கிறது. தட்டாத படிக்கும் தட்டிய படிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இதற்குத் தீர்வு எளிது: கலனை நிரப்பியவுடன் வரும் முதல் பத்துப் பன்னிரண்டு ஈடுகளைக் கூட்டில் வாங்காமல் கலனிலேயே திரும்பக் கொட்டிவிட வேண்டும்.

அதன் பிறகு ஏறத்தாழ முப்பது ஈடுகளுக்குப் பின், எண்கள் மிக மெதுவாகக் கீழே சரிந்து, கலன் கால்வாசியாகும்போது சராசரியாக 0.2 குறைந்திருந்தன. மேலே கிடக்கும் மருந்தின் சுமை குறையக் குறைய, குழிக்குள் அது அழுந்தும் அழுத்தமும் குறைகிறது. இதற்குத் தீர்வு, கலனுக்குள் ஒரு தடுப்புத் தகடு. குளிர்பான டின்னின் அலுமினியத் தகட்டை வெட்டி, ஓட்டுக்கூரை போல மடித்து, மருந்து தடையின்றி ஓடுமளவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளையிட்டு, கலனின் அடிப்பகுதியில் இறக்கினேன். மேற்சுமையைத் தகடு தாங்கிக்கொள்ள, குழியின் மேல் எப்போதும் ஏறத்தாழ ஒரே உயர மருந்தே நிற்கிறது. அதோடு கலனை அரைவாசிக்குக் கீழே போகவிடுவதில்லை என்று பழக்கிக்கொண்டேன். சரிவு நின்றது.

மூன்றாவதுதான் என்னை இரண்டு வாரம் அலையவிட்டது. நோட்டின் நடுவே ஓரிடத்தில் இருந்த வரிசை இது: 0, +0.1, −0.1, −0.9, +0.8, 0, 0. இன்னோரிடத்தில் −0.6-ஐ அடுத்து +0.6. அறுபதில் நான்கு இடங்களில் இவ்வாறு ஒரு குறையும் அதைத் தொட்டபடியே ஒரு மிகையும் வந்தன. தனியாக ஒரு குறையோ தனியாக ஒரு மிகையோ வரவில்லை.

இந்தச் சோடிதான் துப்பு. குழி சரியாக நிரம்பாமல் போயிருந்தால் ஓர் ஈடு குறைந்திருக்கும். ஆனால் அடுத்த ஈடு கூட வேண்டிய காரணம் எதுவும் இல்லை, ஏனென்றால் குழிக்கு அதன் கொள்ளளவுக்கு மேல் கொள்ளாது. குறைந்தது அடுத்ததில் அப்படியே வந்து சேர்கிறது என்றால், குழி தன் பங்கைச் சரியாக அளந்து கொடுத்துவிட்டது, அளந்து கொடுத்ததில் ஒரு பகுதி வழியில் எங்கோ தங்கி அடுத்த ஈட்டோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது என்றுதான் பொருள். அளக்கும் இடத்தில் குற்றமில்லை. இறங்கும் வழியில்தான் குற்றம். நான் இறுக்கிய திருகாணிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கைவிளக்கை வைத்துக்கொண்டு, மெதுவாக ஒவ்வோர் ஈடாக இறக்கிக் குழாயைக் கீழிருந்து பார்த்தேன். பதினேழாவது ஈட்டில் அது கண்முன்னே நடந்தது. குழாய் குறுகும் விளிம்பில் இரண்டு குச்சிகள் குறுக்கே விழுந்து நிற்க, அவற்றின் மேல் ஒரு சிட்டிகை மருந்து கூரைமேல் வைக்கோல் போல உட்கார்ந்திருந்தது. குழாயின் உட்சுவரிலும் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒஹையோவின் குளிர்காலத்தில், சூடேற்றிய கொட்டகையின் காற்று அவ்வளவு வறண்டுவிடும். பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் ஏறி, மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கையும் கருவியின் ஒரு பகுதிதான்

அளவியைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிட்டேன். மேலே படியும் மெல்லிய சோப்புப் படலம் மின்னூட்டத்தைக் குறைக்கிறது. துணி உலர்த்தும் எந்திரத்தில் போடும் மெல்லிய தாளால் துடைப்பவர்களும் உண்டு. சுவரில் ஒட்டுவது இதனால் நின்றது. பாலம் கட்டுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை.

அடுத்து என் கையைக் கவனித்தேன். கைப்பிடி இரண்டு முனைகளிலும் தட்டுகிறது: குழி நிரம்பும் முனையில் ஒன்று, மருந்து இறங்கும் முனையில் ஒன்று. நிரம்பும் முனையில் தட்டும் தட்டு, குழிக்குள் எவ்வளவு மருந்து அடங்கும் என்பதையே மாற்றுகிறது. அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பலமாக இருக்க வேண்டும் என்பதில்லை. இறங்கும் முனையில் தட்டும் தட்டு அளவை மாற்றாது, தங்கியிருப்பதை உதிர்க்கும் வேலையை மட்டுமே செய்கிறது. அதைத் தாராளமாகவே தட்டலாம். நானோ நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன். குச்சி மருந்தில் உருளையின் விளிம்பு ஒரு துண்டைக் கத்தரிக்கும்போது கையில் ‘நறுக்’கென்று ஒரு தடை தெரியும், அதை வெல்ல அவ்வப்போது வெடுக்கென்று இழுத்தேன், அந்த அதிர்ச்சியில் அடுத்த ஈடு கூடுதலாக அடங்கியது. மேசையில் இரண்டு திருகாணியால் மட்டும் பிடித்திருந்த அளவி, ஒவ்வோர் இழுப்பிலும் மேசையோடு சேர்ந்து ஆடியது வேறு.

அளவியை நான்கு திருகாணியால் சுவரோடு சேர்ந்த கட்டையில் இறுக்கி, மேலே மென்மையாக ஒரு தட்டு, கீழே உறுதியாக இரண்டு தட்டு என்று கைக்கு ஒரு தாளம் பழக்கி, மறுபடி அறுபது ஈடுகள் எழுதினேன். நான்கு சோடிகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் வந்தது. மற்ற எண்கள் 0.2-க்குள் நின்றன.

அந்த ஒன்றையும் போக்கியது கருவியோ கையோ அன்று, மருந்தை மாற்றியதுதான். அதே கூட்டுக்குப் பொருந்தும் உருண்டை வகை மருந்துக்கு மாறினேன். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அதே குழியளவில் ஊற்றுவது கையையும் கண்ணையும் பறித்துவிடும். புதிய மருந்துக்கு அதற்குரிய அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து, தண்டைப் புதிதாக நிறுத்தி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கிய பிறகு எழுதிய அறுபது ஈடுகளில் ஒன்றுகூட 0.1-ஐத் தாண்டவில்லை. தராசின் ஆட்டமே 0.1 என்பதால், அளவியின் ஆட்டம் அதைவிடக் குறைவு என்று வேண்டுமானால் நம்பலாம், சொல்ல எனக்கு உரிமையில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு: நுண்ணிய உருண்டைகள் உருளைக்கும் உடலுக்கும் இடையே கசிந்து மேசையில் உதிர்கின்றன. அப்போதுதான் அந்தத் திருகாணியைச் சற்று இறுக்குவதில் பொருள் இருந்தது.

எவ்வளவு போதும்

நூறு, இருநூறு கஜத் தொலைவில் மேசைமேல் துப்பாக்கியை வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்கள், உலகிலேயே மிக நெருக்கமான துளைக்கூட்டங்களைச் சுடுபவர்கள். அவர்களே நிறுக்காமல் அளவியால் அளந்துதான் நிரப்பிவந்திருக்கிறார்கள். அவர்களுடைய அளவி என்னுடையதைப் போலப் பல மடங்கு விலை என்பது உண்மை. ஆனால் அவர்களும் ஓடும் மருந்தைத் தேர்ந்து, கையின் தாளத்தைக் கெடாமல் காத்தே அந்த ஒழுங்கைப் பெறுகிறார்கள். ஆயிரம் கஜத்துக்குச் சுடுபவர்கள் ஒவ்வோர் ஈட்டையும் நிறுப்பதற்குக் காரணம், அந்தத் தொலைவில் சிறு வேக வேறுபாடும் மேல்கீழாக விரிந்து தெரியும் என்பதே. என் தேவை முதல் வகை.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. அளவியின் ஆட்டத்துக்கு இடம் விட்டு, அட்டவணையின் உச்ச அளவுக்கு வெகு கீழேயே நிற்க வேண்டும். உச்சத்தில் நின்றுகொண்டு +0.8 வந்தால் அது துல்லியக் குறைவு அன்று, விபத்து. சிறு ஈடு போதுமான கைத்துப்பாக்கித் தோட்டாவில், கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு ஈடு விழுந்தாலும் வெளியே தெரியாது. ஐம்பது கூடுகளையும் மரத்தட்டில் நிறுத்தி, குண்டு வைக்குமுன் விளக்கடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது. வேலை முடிந்ததும் கலனில் மீந்ததை அதன் சொந்த டப்பாவுக்கே திருப்பிவிட வேண்டும். பெயர் தெரியாத மருந்து கலனில் கிடப்பதும், நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து பிளாஸ்டிக்கை நாள்போக்கில் அரிப்பதும் இரண்டுமே வேண்டாதவை.

இப்போதைய வழக்கம் இதுதான்: முதல் பன்னிரண்டு ஈடு கலனுக்குத் திரும்பும், அடுத்த ஐந்து தனித்தனியாகத் தராசுக்குப் போகும், பிறகு ஒவ்வொரு பத்தாவது ஈடும் போகும், எண்கள் விழுந்த வரிசையிலேயே நோட்டில் ஏறும். பத்தாவது ஈடு குறைந்து வந்தால், அதற்கு அடுத்ததை நிறுக்காமல் எந்தக் கூட்டிலும் குண்டு ஏறாது.

பிப்ரவரி மாதத்தில் ஒரு மாலை, உருண்டை மருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது, தராசு −0.5 காட்டியது. அடுத்ததை நிறுத்தேன்: +0.4. நிறுத்திவிட்டுக் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது, அது உருளையின் உடலோடு சேரும் இடுக்கில் பழைய மருந்தின் குச்சிகள் மூன்று, கழுவியபோதும் போகாமல், குறுக்கே சிக்கிக்கிடந்தன. ஊக்கால் நெம்பி எடுத்துவிட்டு, அதற்கு முன் கடைசியாகச் சரியாக வந்த ஈட்டுக்குப் பின்னால் நிரப்பிய ஒன்பது கூடுகளையும் அந்த இரண்டோடு சேர்த்துக் கொட்டி, முதலிலிருந்து நிரப்பினேன்.